போனைப் பிடுங்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். 'எந்நேரமும் போன்தான், நீங்க சொன்னாத்தான் கேட்பான்' என்று பெற்றோர்-ஆசிரியர் (பி.டி.ஏ.) கூட்டத்தில் பலர் சொல்கிறீர்கள். போனைப் பிடுங்கும் முன், வகுப்பில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் படித்துவிட்டு மலையாள வகுப்புக்கு மாறும் பிள்ளையைக் கூனிக்குறுக வைக்க, தமிழரை இழிவாக அழைக்கும் 'பாண்டி' என்ற ஒரு சொல் போதும். ஒருநாள் நடந்தால் அது சண்டை. எதிர்த்துப் பேச முடியாதவரைக் குறிவைத்து, வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நடந்தால் துன்புறுத்தல். நார்வே ஆய்வாளர் டான் ஓல்வேயுஸ் வகுத்த இலக்கணமும் இதுதான்.

கேலி செய்தவனைவிட, சுற்றி நின்று சிரித்தவர்கள்தான் பிள்ளையின் நம்பிக்கையை அதிகம் உடைக்கிறார்கள். 'நமக்காக யாரும் பேசமாட்டார்கள்' என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு இணையம் பாதுகாப்பான இடம்: பேரை மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வெளியேறலாம். இரவு 1 மணிவரை விழிப்பு, காலையில் வகுப்பில் தூக்கம், அதற்கும் கேலி. எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவல்ல. வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய கிண்டல் வகுப்பறைக்கு வருவதும் உண்டு.

ஞாயிறு இரவு வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனா, பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் வீட்டுக்கு ஓடிவருவது, இவற்றைக் கவனியுங்கள். 'ஸ்கூல் எப்படி?' என்றால் 'நல்லாத்தான்' என்றே பதில் வரும். 'மதியம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?' என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசவேண்டாம், முக்கியமாக 'நீ என்ன பண்ணினே?' வேண்டாம். தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மோசமான செய்தி வந்திருந்தால், அழிப்பதற்கும் பிளாக் செய்வதற்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் பிரைவசி அமைப்புக்குப் போய், குழுவில் சேர்க்கும் உரிமையை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள்.

எதிர்த்தரப்பு வீட்டுக்கு நேரே போகாதீர்கள். மறுநாள் அதற்கும் சேர்த்துப் பிள்ளைதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். பள்ளியில் நாங்களும் இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வதில்லை. பயந்த பிள்ளை எதற்கும் சரி என்றுதான் சொல்லும். தனித்தனியே பேசுவோம், ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி விசாரிப்போம்.

போனை ஒரேநாளில் நிறுத்தினால், அடுத்தமுறை பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது. தினமும் போன் பார்க்கும் நேரத்தை வாரத்துக்கு அரைமணி வீதம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரவு 9.30க்கு மேல் வீட்டில் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, நடுக்கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால் 14416 மனநல உதவி எண்ணை அழையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். வகுப்பாசிரியரைப் பார்க்க மாலை 4 மணிக்கு மேல் வரலாம். முதல்தடவை பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்