ஆம்ப்ளர் ரோடு வழக்கு: இன்னும் 6,760 டாலர் வேணும், 30ம் தேதி கடைசி

அன்புள்ள சொந்தங்களே, வணக்கம். எல்லாரும் குடும்பத்தோட நல்லா இருக்கணும்னு ஆண்டவனை வேண்டிக்கிட்டு அலாஸ்கால இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள் சார்பா எழுதறோம். ஆம்ப்ளர் ரோட்டை எதிர்த்து இங்கத்துப் பூர்வகுடி கிராமங்கள் நடத்தற வழக்குக்காக இந்த மாசம் 30ம் தேதிக்குள்ள 18,000 டாலர் கட்டணும், கையில இருக்கறது 11,240தான், 6,760 துண்டு விழுது.

புதுசா சேர்ந்தவங்களுக்கு விஷயம் இதுதான். டால்டன் ஹைவேல இருந்து மேற்கே ஆம்ப்ளர் சுரங்கப் பகுதி வரைக்கும் 211 மைல் ரோடு போடப் போறாங்க, தாமிரம் எடுக்கற கம்பெனி லாரிக்கு மட்டும். ப்ரூக்ஸ் மலைக்குத் தெற்கே இன்னிக்கும் ரோடே இல்லாத காடு அது. 11 பெரிய ஆறு, கிட்டத்தட்ட 3,000 ஓடை தாண்டணும். அலாட்னா, அலகாகெட், எவன்ஸ்வில், ஹஸ்லியா, டனானான்னு பூர்வகுடி கிராமங்கள் 2020ல பெர்மிட் வந்த வருஷமே கோர்ட்டுக்குப் போனாங்க. 2024 ஜூன்ல அரசாங்கமே ரோடு வேண்டாம்னு முடிவு பண்ணிச்சு, 30க்கும் மேல கிராமங்கள்ல வேட்டைக்கும் மீனுக்கும் பெரிய அடி விழும்னு அவங்க அறிக்கையே சொல்லுச்சு. முடிஞ்சுதுன்னு நாம எல்லாரும் நிம்மதியா இருந்தோம். 2025 அக்டோபர்ல அதை அப்படியே புரட்டிப் போட்டுட்டாங்க. போதாக்குறைக்கு சுரங்கக் கம்பெனில 10 சதவீதப் பங்கு வாங்கறதாவும் அரசாங்கமே அறிவிச்சிருக்கு.

இந்த ஜனங்க நேத்து கோர்ட்டுப் படி ஏறினவங்க இல்ல. 1915லயே டனானா தலைவர்கள் ஃபேர்பேங்க்ஸ்ல அரசாங்கத்து ஆள் முன்னாடி உட்கார்ந்து, ரயில் வருது, ஜனம் வரும், எங்க நிலம் என்ன ஆகும்னு பேசினாங்க. 1970ல எண்ணெய்க் குழாய்க்கு ரோடு போட வந்தப்ப யூகான் ஆத்தங்கரைல இருக்கற ஸ்டீவன்ஸ் வில்லேஜ்னு ஒரு குட்டி ஊர், வாஷிங்டன் கோர்ட் வரைக்கும் போய் அவங்க நிலத்து வழியா பெர்மிட் குடுக்கக் கூடாதுன்னு தடை வாங்கிச்சு. அவ்வளவு பெரிய எண்ணெய்க் கம்பெனிகளை ஒரு சின்ன கிராமம் நிறுத்தி வச்சது! அடுத்த வருஷம் 1971ல நிலச் சட்டம் வந்து 4 கோடி 40 லட்சம் ஏக்கர் பூர்வகுடிகளுக்குன்னு ஆச்சே, அதுக்குப் பின்னாடி இந்தத் தடையும் இருக்கு. அப்புறம் போட்ட அந்த ரோடுதான் இன்னிக்கு டால்டன் ஹைவே. கம்பெனி வண்டிக்குன்னு போட்டது, 1994ல ரோட்டோட கடைசி முனை வரைக்கும் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அதனாலதான் லாரிக்கு மட்டும்னு இப்ப சொன்னா பெரியவங்க யாரும் நம்பத் தயாரா இல்ல.

ரோடு வந்தா வேலை வரும்னு ஆதரிக்கற கிராமத்து ஜனங்களும் இருக்காங்க, அவங்க மேல நமக்குக் கோபம் இல்ல. ஆனா 2003ல 4,90,000 இருந்த மேற்கு ஆர்க்டிக் கரிபூ மான் கூட்டம் 2023ல 1,52,000க்கு வந்துடுச்சு, இதுக்கு மேல அதோட வழியில லாரி விட்டா என்ன மிஞ்சும்?

நம்ம பணம் வக்கீல் ஃபீஸுக்குப் போகல. வழக்குக்காகக் கிராமத்துப் பெரியவங்க 8 பேர் குட்டி பிளேன்ல வந்து தங்கிப் போக 7,200, பழைய வேட்டைப் பாதை மீன்பிடி முகாம் எல்லாம் மேப்ல ஏத்த 6,300, அவங்க பேசற கொயுகான் மொழில பதிவு பண்ணினதை இங்கிலீஷ்ல எழுத 2,000, பிரிண்ட் நோட்டரி செலவு 2,500. இதுல ஒரு டாலர் கூடக் கமிட்டி செலவு கிடையாது.

இதுவரைக்கும் குடுத்தவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு சனிக்கிழமை விடிகாலைல எழுந்து மாவு அரைச்சு 200 பிளேட் இட்லி வித்துக் குடுத்த அக்காமார்கள், நைட் டியூட்டி பணத்தை அப்படியே கவர்ல போட்டுக் குடுத்த நர்ஸ் தங்கச்சி, பேரனைப் பார்க்க வந்த இடத்துல முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த 101 டாலரை அவிழ்த்துக் குடுத்த தஞ்சாவூர்ப் பாட்டி, பார்ட் டைம் வேலை பார்த்து மாசாமாசம் 10 டாலர் அனுப்பற காலேஜ் பசங்க, உங்க எல்லார் குடும்பத்தையும் அந்த முருகன் கண் கலங்காம வச்சிருப்பான்.

இதைச் சொல்ல சங்கடமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும். குரூப்ல தரேன்னு பேர் குடுத்தவங்க 43 பேர், பணம் வந்தது 19 பேர்கிட்ட இருந்து. நாம முதல் குளிர்காலத்துல இங்க வந்து முழி பிதுங்கி நின்னப்ப மூஸ் மான் கறியும் புகை போட்ட சால்மன் மீனும் கதவுல வச்சிட்டுப் போனது யாரு? யூகான் ஆத்து கிங் சால்மனையே 2024ல இருந்து 7 வருஷத்துக்கு இந்த ஜனங்க பிடிக்க முடியாதபடி நிறுத்தி வச்சிருக்காங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பிள்ளைங்களுக்குத் தமிழ் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறோமே, அவங்க நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

25 டாலரும் பெரிசுதான். வர ஞாயித்துக்கிழமை பாட்லக்ல பொருளாளர் ரசீது புக்கோட இருப்பார், செக் கேஷ் ரெண்டும் ஓகே. வர முடியாதவங்க 28ம் தேதிக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வீட்டுக்கே வந்து வாங்கிக்கறோம், 29ம் தேதி காலைல பிளேன் டிக்கெட் போட்டாகணும்.

இப்படிக்கு,
கமிட்டி