பாப்பாவுக்கு, தொண்டை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி, ஆனால் முழுசாகப் படி.

முதலில் தொண்டை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது குரல் கம்மிக் கிடந்தது. ஜலதோஷம் என்றாய். அதற்கு முந்தின வாரமும் அதே கம்மல், அதே ஜலதோஷம். மூக்கு அடைத்துப் பேசுவது வேறு, தொண்டை கட்டிப் பேசுவது வேறு, அந்த வித்தியாசத்தை நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அத்தை பேச்சை எடுக்கக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

பகல் பூராவும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ பதில் சொல்கிறாய். சாயங்காலம் ஓ.எம்.ஆரில் பஸ் பிடித்துப் போய் மொட்டை மாடியில் நாடக ஒத்திகை. மெட்ராஸ் அக்னி நட்சத்திரம் எனக்குத் தெரியும், பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி ஒன்பது மணிக்கும் காலைச் சுடும். கடல் காற்று வந்தால் கொஞ்சம் ஆறும், ஆனால் அந்தக் காற்று நீ பேசுவதை அள்ளிக்கொண்டு போய்விடும், அதை மீறிப் பேசத்தான் எல்லோரும் கத்துவார்கள். ஆபீஸ் ஏ.சி. ஒரு பக்கம் தொண்டையை உலர்த்துகிறது, மாடியில் நீ அதையே போட்டுக் கிழிக்கிறாய். ரெண்டும் சேர்ந்தால் எந்தத் தொண்டை தாங்கும்?

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன், பலமுறை பார்த்தேன். அந்தக் கிழவன் உன்னைக் கூப்பிடும்போது நீ கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாயே, அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அந்த இடத்தை நிறுத்திக் காட்டினேன். "இது நம்ம பாப்பாவா"ன்னு கேட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. ஆனால் அதே வீடியோவில் கடைசி வசனத்தில் உன் கழுத்து நரம்பு ரெண்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. தோளும் ஏறுகிறது. மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தால் நரம்பு புடைக்காது, பாப்பா. நீ தொண்டையால் தள்ளுகிறாய். உன் டைரக்டர் இதைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் நீயாவது கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்பதில் என்ன குறைந்துபோகிறது?

வெந்நீர் குடி, ஒரே மூச்சில் வேண்டாம், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. தொண்டையைச் செருமாதே, செருமினால் குரல்நாண் ரெண்டும் ஒன்றோடொன்று மோதும். கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே, அது இன்னும் சிரமப்படுத்தும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. ஒத்திகை இல்லாத நாளில் பேசாமல் இரு. எங்களுக்குக்கூடப் போன் செய்ய வேண்டாம், மெசேஜ் போட்டால் போதும். மெசேஜாவது போடு.

அத்தை அப்படித்தான் இருப்பாள். அம்மா சொல்லியும் எழுதிவிட்டேன், பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் விடியும்வரை, வள்ளி வேஷம் கட்டி, கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட்டோடு தர்க்கம் பண்ணிப் பாடிவிட்டு வருவாள். மறுநாள் பொழுது சாயும்வரை வாயே திறக்கமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டித்தான் கூப்பிடுவாள். ஒரு தட்டு தட்டினால் வெந்நீர், ரெண்டு தட்டினால் நான் வர வேண்டும். அவ்வளவு பத்தியமாகக் காப்பாற்றினாள். திருவிழாக் காலத்தில் நாடகம் அடுத்தடுத்து விழுந்தபோதுதான் அந்தப் பேசாத நாளை விட்டாள். ஒத்துக்கொண்ட நாடகத்துக்குப் போகாவிட்டால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அவள் குரலுக்கு எட்டட்டும் என்று அவளுடைய ஆர்மோனியக்காரர் கட்டையை, அதாவது சுருதியை, குறைத்துக் குறைத்து வாசித்துப் பார்த்தாரே, அதையும் அவளே உனக்குச் சொல்லியிருக்கிறாள்.

பையன்களையே வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்திலேயே, மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனைப் பாட்டு வேஷத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். குரல் போனால் வேஷம் போச்சு. நாடகப் பாடகர் கிட்டப்பா மைக் இல்லாமல் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும் என்று உன் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். 1933-இல் கிட்டப்பா போகும்போது வயது 27. இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, ராத்திரி தூக்கம் வராதபோது இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இன்னொன்று. ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அவசரமென்றாலும் எடுக்க முடியாது என்று சேர்ந்த புதிதில் சொன்னாய். இப்போது பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். சட்டத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, நல்லதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொதுவாக ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். பி.எஃப். பணத்தில் மட்டும் கைவைக்காதே. ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வரும். வேறு இடத்தில் சேர்ந்தால் அதே யு.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பரிலேயே மாற்றிக்கொள்ளலாம். மாதச் செலவுக்கு இடறினால் என்னிடம் கேள். பென்ஷன் வருகிறது, எங்கள் ரெண்டு பேருக்கு என்ன பெரிய செலவு?

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் அதே மெட்ராஸில் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 18. அப்புறம் வக்கீலாகி ஜட்ஜாகவும் ஆனார், நாடகத்தையும் விடவில்லை. பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை. அவருடைய சபையில் பலர் அப்படி உத்தியோகத்தில் இருந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள்தான். உத்தியோகம் இருந்ததால் பிடித்த நாடகத்தை மட்டும் போட முடிந்தது, ஒத்துக்கொண்டோமே என்று தொண்டை கிழியப் பாட வேண்டியதில்லை. அத்தைக்கு அந்த வசதி இல்லை. உனக்கு இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றாலும் சொல், நான் கத்தமாட்டேன். கூத்தாடி வீட்டுப் பையன் என்று பள்ளிக்கூடத்தில் என்னைச் சொன்னவர்களிடம் சண்டைக்குப் போனவன் நான், நாடகம் ஆடுகிறாய் என்று உன்னை ஒருநாளும் சொல்லமாட்டேன். மறைத்தால்தான் எனக்குத் தாங்காது.

சித்தப்பா வீட்டில் நிச்சயம் முடிந்தது, கல்யாணம் ஆவணியில். மாடியில் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாகிவிட்டது. மற்றபடி இங்கே சேதி ஒன்றும் இல்லை.

தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உன் கணக்கில் எத்தனை வாரம் என்று நீயே பார்த்துக்கொள். சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். இருக்கிறது, ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட வேண்டும். சின்னக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் முடிச்சு மாதிரி எது இருந்தாலும் ஓய்விலும் குரல் பயிற்சியிலும் பெரும்பாலும் சரியாகிவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை. அத்தை காலத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. லீவு போட வேண்டியிருந்தால் போடு. லீவே தேவையில்லை என்றால் நாளைக்கே போ.

அப்புறம் நாடகம் என்றைக்கு என்று இன்னும் தேதி சொல்லவில்லை. மியூசியம் தியேட்டர் என்றாய். எழும்பூரில் இறங்கினால் பக்கம்தான், நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்துவிடுவோம். இப்போதெல்லாம் ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்றைக்கே கீழ் பெர்த் போய்விடுகிறது. அம்மா முழங்காலை வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது. இந்த வாரமே தேதி சொல். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் அதே மெசேஜில் எழுது, அம்மாவுக்குத் தனியாக வேறு மாதிரி எழுதாதே, ரெண்டு பேருக்கும் ஒன்றாகவே எழுது.

அன்புடன்,
அப்பா