ஜீவனாம்ச உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பை நீதிமன்றமே ஏற்க வேண்டும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கு,

வணக்கம்.

என் மகளின் ஜீவனாம்ச வழக்கில் எங்கள் மாவட்டக் குடும்பநல நீதிமன்றம் பிறப்பித்திருந்த வாரண்ட், அவளுடைய முன்னாள் கணவர் ஒரு மாதத் தொகையை மட்டும் கட்டியவுடன் சென்ற வாரம் திரும்பப் பெறப்பட்டது. மீதி நிலுவைக்கு அவர் அவகாசம் கேட்டார்; வாய்தா கிடைத்தது. இது முதல் முறையன்று. வாரண்ட் வரும்போது ஒரு தவணை கட்டுவதும், அது ரத்தானதும் மீண்டும் நிறுத்திக்கொள்வதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த வாரண்ட் எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதைத் தாங்கள் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும். காவல் நிலையத்தில் என் மகளிடம், "ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டுங்கள், கூட்டிவருகிறோம்" என்றார்கள். அதனால் தையல் கூலியை விட்டுவிட்டு, அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் வாசலில், ஷிப்ட் முடிந்து வெளியேறும் ஆட்களின் பார்வைக்கு நடுவே, ஒரு காவலருடன் அவள் நின்றாள். அன்று அவர் வேறு வழியாகப் போய்விட்டார். "எதிர்மனுதாரர் குறித்த முகவரியில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு வாரண்ட் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. உறவே முறிந்துபோன ஒருவர் எந்த ஷிப்டில் இருக்கிறார், எந்தத் தெருவுக்குக் குடிபோயிருக்கிறார் என்று தேடித் திரியும் வேலையை, நீதிமன்றத்தின் உத்தரவைக் கையில் வைத்திருக்கும் பெண் ஏன் செய்ய வேண்டும்? உத்தரவிட்ட நீதிமன்றமே அதை வசூலித்தும் தர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருப்பது, செலுத்தத் தவறும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஜீவனாம்ச உத்தரவை உரிமையியல் (சிவில்) நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஜீவனாம்சத்துக்கான தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உரிமையியல் நடைமுறைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரிடமிருந்து வசூலிக்க இதைவிட நேரான வழி எது? ஆனால் அதற்கும் அவளே நிறைவேற்று மனுப் போட வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டும். இதற்கிடையில், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் அதற்கு வாரண்டும் கேட்க முடியாது. பேசித் தீர்ந்துவிடும் என்று பொறுத்திருந்த பெண்தான் இதில் இழக்கிறாள். ஏமாற்றியவருக்கு அந்தக் காலம் லாபமாகிறது.

ஜீவனாம்சம் வாங்கும் பெண்கள் உழைக்காமல் சொகுசாக வாழ்கிறார்கள் என்று எங்கும் பேசுகிறார்கள். படித்தவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவராவது குடும்பநல நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில், மடியில் குழந்தையோடு பெயர் கூப்பிடப்படும் வரை காத்திருக்கும் பெண்களைப் பார்த்திருந்தால் அப்படிப் பேச வாய் வராது. என் பேரனின் பள்ளிக் கட்டணத்தை இந்த ஆண்டு என் ஓய்வூதியத்திலிருந்து கட்டினேன். கட்ட எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அது அவன் தந்தை கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பணம்.

மனக்கொதிப்பில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன். ஒரு தவணை தவறினாலே, மனுவுக்குக் காத்திராமல் நீதிமன்றமே நடவடிக்கை தொடங்கவும், நிலுவை முழுவதும் செலுத்தப்படாமல் வாரண்டைத் திரும்பப் பெறாதிருக்கவும், நிறைவேறாத வாரண்டுக்குக் காவல் ஆய்வாளரிடம் காலக்கெடுவுடன் எழுத்து மூலம் விளக்கம் கேட்கவும், சம்பளக்காரர்களிடம் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்யவும் கீழமை நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்