எருதுக்கு ஆகாத ஞாயிறு

பினாங்கு
மார்ச் 2026

அன்புள்ள மல்லிகா,

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள். சோம்பேறித்தனம் என்று நீ நினைத்தால் அதையும் மறுக்கப் போவதில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? சாரதா உன்னைக் கிள்ளானில் பார்த்தாளாம். சைக்கிள் மாஸ்டர் மாதிரி நடக்கிறாள் என்றாள். இங்கே எல்லோரும் நலம். மாமரம் காய்த்தது, அணில் தின்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவிதாவுக்குக் கல்யாண நாள் குறித்தாயிற்று. நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டுக் குதிரைக் காலண்டரில் இப்போதே வட்டம் போடு.

ஏன் இவ்வளவு தாமதம் என்று போன வருஷம் முழுக்கக் கேட்டாயே, அந்தக் கதையைக் கேள். 2024இலேயே முடித்துவிடலாம் என்றுதான் பிள்ளைகள் இருவரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீனர்கள் ஆயிற்றே, அவனுடைய பாட்டி ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டார். டிராகன் வருஷம், அவர்களுக்கு ரொம்ப உயர்த்தி ஆயிற்றே என்றேன். பிள்ளை பெற உயர்த்தி, கல்யாணத்துக்கு ஆகாது என்றார். வசந்தம் தொடங்குவதாக அவர்கள் கணக்கு வைத்திருக்கும் நாள் பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும். அந்தச் சந்திர வருஷமோ 2024 பிப்ரவரி 10இல் தொடங்கி 2025 ஜனவரி 28இல் முடிந்துவிட்டது. வசந்த நாள் உள்ளேயே விழவில்லை. அப்படிப்பட்ட வருஷத்துக்கு விதவை வருஷம் என்று பெயர். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் பாட்டிக்கு அது வெறும் காலண்டர் சமாச்சாரம். சீனாவிலும் அந்த வருஷம் கல்யாணப் பதிவுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எல்லாம் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். அங்கே கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகளே குறைந்துவருகிறார்கள்.

அடுத்து வந்த பாம்பு வருஷத்தில் வசந்த நாள் இரண்டு, போதாததற்கு ஓர் உபரி மாதம். அள்ளிக் கொடுக்கிற வருஷம். அதில்தான் மாப்பிள்ளையின் தாத்தா போய்ச் சேர்ந்தார். நூறு நாளுக்குள் நடத்த வேண்டும், இல்லையென்றால் துக்கம் கழியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். நூறு நாளில் மண்டபம் எங்கே கிடைக்கும்? அதுவும் போயிற்று.

இப்போது குதிரை வருஷம். ஆடி நமக்கு ஆகாது. அது முடிவதற்குள்ளேயே, ஆகஸ்டு 13இல், அவர்களுடைய ஏழாம் மாதம் தொடங்குகிறது. பேய்கள் உலாவும் மாதம், செப்டம்பர் 10 வரை ஒன்றும் கூடாது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நமக்குப் புரட்டாசி. இரண்டு சாதியும் சேர்ந்து வருஷத்தில் கால்வாசியைத் தின்றுவிட்டன. நவம்பர் 8 தீபாவளி. ஆக, அய்யர் கொடுத்தது 15, 22, 29 என்று மூன்று ஞாயிறு. மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் நாள் பார்க்கும் பெரியவரிடம் போனோம். பாட்டி வீட்டுக்கு அவர்தான் காலங்காலமாகப் பார்க்கிறார்.

மல்லி, அங்கேதான் என் புத்தி கெட்டது. அவர் தோங் ஷுவைப் பிரித்தார். நம் பாம்புப் பஞ்சாங்கம் மாதிரிதான், ஆனால் செங்கல் தடிமன், சிவப்பு அட்டை. ஒவ்வொரு நாளுக்கும் செய்யத் தக்கவை ஒரு பக்கம், தகாதவை ஒரு பக்கம்: பெண் எடுக்க, கட்டில் போட, உத்திரம் ஏற்ற, கடை திறக்க, முடி வெட்ட, வலை பின்ன, பிணம் அடக்க. சில நாளில் எதற்குமே ஆகாது என்று ஒரே வரி. இதை யார் எதை வைத்து எழுதுகிறார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை மொழிபெயர்த்தான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் வட்டம் போட்டுக் காட்டினால் விடுவேனா?

கேள், எளிதுதான். பன்னிரண்டு விலங்கும் வருஷத்துக்கு மட்டும் இல்லை. மாதத்துக்கு உண்டு, நாளுக்கும் உண்டு. இந்த விலங்கு மாதம் பிறையை வைத்து வருவது இல்லை, சூரியனை வைத்து. நவம்பர் 7 முதல் டிசம்பர் முதல் வாரம்வரை பன்றி மாதம். அந்த மாதத்தில் பன்றி நாள் வரும்போது ஒன்று என்று எண்ணத் தொடங்கு. நிறுவுதல், நீக்குதல், நிறைதல், சமன், உறுதி, பிடித்தல், உடைதல், ஆபத்து, கைகூடுதல், பெறுதல், திறத்தல், மூடுதல். பன்னிரண்டு வகை நாள், வரிசையாகச் சுழலும். ஏழாவதான உடைதல் எப்போதும் மாதத்து விலங்குக்கு நேர் எதிரில் நிற்கும் விலங்கின் நாள். அன்று வீடு இடிக்கலாம், வேறு நல்லது எதையும் தொடக்கூடாது. அய்யருக்குப் பிடித்த வளர்பிறை ஞாயிறு, 15ஆம் தேதி, பாம்பு நாள். பன்றிக்கு நேர் எதிர். பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டி அடித்துவிட்டார். உன் வீட்டுப் பின்கட்டை இடிக்க வேண்டும் என்கிறாயே, அன்று வைத்துக்கொள்.

22 எலி நாள். எலி குதிரைக்கு எதிர், இது குதிரை வருஷம், ஆகவே வருஷத்தையே உடைக்கும் நாள். அதுவும் போச்சு. 29 ஆடு நாள். பன்றியிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்: பன்றி, எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு. ஒன்பது. கைகூடும் நாள்! பெரியவர் சிரித்தார். அவர்களுக்கு நட்சத்திரம் 28. நம் கார்த்திகைக் கூட்டம் அவர்கள் வரிசையிலும் இருக்கிறது, அன்றைக்கு அதுதான் முறை. (28ஐ 7 வகுக்குமே, அதனால் அவர்கள் கார்த்திகை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். சந்திரன் வானத்தில் எங்கே நின்றாலும் கவலை இல்லை.) அது கல்யாணத்துக்கு ஆகாத நட்சத்திரம் என்று ஒரு பழம்பாட்டு இருக்கிறதாம். பெரியவர் அதைக் கையாலேயே தள்ளிவிட்டார். எது கனம், எது லேசு என்பது பார்ப்பவர் கையில். 29 தேய்பிறை என்று முகம் சுளித்த நம் அய்யரும் லக்கினம் சுத்தமாக இருந்தால் போதும் என்று இறங்கி வரவில்லையா?

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை, நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்த நாள் கணக்கு எவ்வளவு பழையது தெரியுமா? கி.மு. 217இல் செத்த ஒரு சின்ன அதிகாரியின் கல்லறையை 1975இல் ஹூபெய் மாகாணத்தில் தோண்டினார்கள். பிணத்தோடு மூங்கில் பட்டைகள். அதில் சட்டத்தோடு நாள் பலனும் இருந்தது, இதே பன்னிரண்டு வகையோடு. கேலி செய்தவர்களும் பழையவர்கள்தான். எலி நாளில் தலைக்குக் குளித்தால் பிறர் நம்மை விரும்புவார்கள், முயல் நாளில் குளித்தால் முடி நரைக்கும் என்று அந்தக் காலத்தில் ஒரு சாத்திரம் இருந்தது. விருப்பம் முகத்தைப் பொறுத்தது, நரை வயதைப் பொறுத்தது, நாள் என்ன செய்யும் என்று வாங் சோங் என்பவர் முதலாம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். நம் வீட்டில் சனி நீராடு என்று எண்ணெயோடு துரத்துவார்களே, அப்போது இந்த மனுஷர் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது உபரி மாதம். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று போடுவான், தெலுங்குக்காரர்கள் பெரிதாகப் பார்ப்பார்கள், நாம் சூரிய மாதக்காரர்கள் என்பதால் கண்டுகொள்ள மாட்டோம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குள் சூரியன் ராசி மாறவில்லையென்றால் அந்த மாதம் உபரி. சீனர்களுக்கும் கிட்டத்தட்ட அதே விதி. அப்புறம் ஏன் அவர்களுக்கு 2025இல் வந்தது, நமக்கு இந்த வருஷம் மே 17இல் வருகிறது? அவர்கள் ராசிக் கோட்டைச் சூரியன் வடக்கிலும் தெற்கிலும் நிஜமாகத் திரும்பும் நாட்களை வைத்துப் போடுகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்துப் போடுகிறோம். இரண்டுக்கும் இப்போது 24 பாகை வித்தியாசம். அவ்வளவுதான்! இரவு பதினொரு மணிக்கு இது பிடிபட்டதும் கவிதாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா தூங்கு என்றாள்.

இன்னொரு கதை தூக்கத்தைக் கெடுத்தது. ஆடம் ஷால் என்று ஒரு ஜெர்மன் பாதிரியார், பெய்ஜிங்கில் பேரரசரின் வானவியல் அலுவலகத்துக்கே தலைவர். 1658இல் பேரரசரின் கைக்குழந்தை இறந்தது. அடக்கம் செய்ய நாளும் நேரமும் குறிப்பது அந்த அலுவலகத்தின் வேலை. இரண்டு வருஷத்தில் குழந்தையின் தாய் போனாள், 1661இல் பேரரசரும் அம்மையில் போனார். குழந்தையை ஆகாத நேரத்தில் புதைத்ததால்தான் இந்தச் சாவுகள் என்று 1664இல் ஒருவன் மற்றக் குற்றங்களோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தான். பாதிரியாருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்த நேரம் பார்த்து நிலநடுக்கம் வந்தது, பயந்துபோய் அவரை விட்டார்கள். கீழே வேலை பார்த்த சீனர்கள் ஐந்து பேருக்குத் தலை போயிற்று. நாள் குறித்துக் கொடுப்பவன் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது பார். அந்தப் பென்சில் பெரியவர் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று அதைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

அவர் பேசாமல் இருந்தது 29ஐத் தேர்ந்தெடுத்த பிறகு. அந்த நாளுக்கு எதிர் விலங்கு எது என்று பார்த்தார். ஆட்டுக்கு எதிர் எருது. எல்லா எருதும்கூட இல்லை. நமக்கு வருஷம் அறுபது போல அவர்களுக்கு நாளும் அறுபது, பத்து வரிசையும் பன்னிரண்டு வரிசையும் சேர்ந்து சுற்றுவது. மீச்சிறு பொது மடங்கு, ஞாபகம் இருக்கிறதா? அந்த அறுபதில் அன்றைய நாளுக்கு நேர் பகை 1961இல் பிறந்த எருது. புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. மணப்பெண்ணின் தாய் எந்த வருஷம் என்று கேட்டார்.

பெண் புறப்படும்போதும் தேநீர் கொடுக்கும்போதும் நான் எதிரில் நிற்கக் கூடாதாம். சமையற்கட்டில் இருந்தால் போதும், பத்து நிமிஷம். கவிதாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போன மறு வருஷம், நாத்தனார் மகள் கல்யாணத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. உன் மாமியார் பார்க்கப் பார்க்க நீ என் கையைப் பிடித்து மேடைவரை இழுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு உனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, அழுகையை அடக்கவே சரியாக இருந்தது. இப்போது இரண்டாவது பஞ்சாங்கமும் என்னை ஒதுங்கச் சொல்கிறது.

மறுநாள் பாட்டி தனியாக வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பை ஒன்று, மாப்பிள்ளைகூட இல்லை. எங்கள் இரண்டு பேருடைய மலாயிலும் ஓட்டை, ஆனாலும் பேசினோம். கெடுதல் கல்யாணத்துக்கு இல்லை, உனக்குத்தான் என்றார். உனக்குத் தலைவலி வரும், விழுந்து கையை உடைத்துக்கொள்வாய், நீ தனியாக இருப்பவள், யார் பார்ப்பார்கள் என்றார். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை, மல்லி. அங்கே என்னால் மற்றவர்களுக்குக் கெடுதல் என்று ஒதுக்கினார்கள். இவர் எனக்குக் கெடுதல் வரக்கூடாது என்று பயப்படுகிறார். நிற்க வேண்டிய இடம் என்னவோ ஒன்றுதான். ஆனாலும் பாட்டி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இதில் ஒரு சந்து இருக்கிறது, சிரிக்காதே. நான் பிறந்தது பிப்ரவரி 10. 1961இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 15. ஊர் வழக்கப்படி நான் எலி! பெரியவர் வருஷத்தையும் வசந்த நாளில் தொடங்குவதால்தான், பிப்ரவரி 4, நான் எருது ஆகிறேன். பாட்டியிடம் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார், அவருக்குப் புத்தாண்டுதான் கணக்கு. கவிதா இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்து, சொல்லிவிடு அம்மா என்கிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. தேதியில் ஓட்டை கண்டுபிடித்து என் பெண்ணின் கல்யாணத்தில் நிற்பதா? பெரியவர் கணக்குத்தான் சரி என்று என் கணக்கு டீச்சர் புத்தி வேறு சொல்கிறது. பேசாமல் நின்றுவிடலாமா, பத்து நிமிஷம்தானே என்று உள்ளே போய்விடலாமா? காலையில் ஒன்று தோன்றுகிறது, ராத்திரி இன்னொன்று.

நீ என்ன சொல்கிறாய் என்று தெரிய வேண்டும். ஆனால் உன் பிறந்த நாள் ஆகஸ்டு, நீ சந்தேகமே இல்லாத 1961 எருது. அன்றைக்கு என்னை மேடைக்கு இழுக்க உனக்கும் உரிமை இல்லை, உன்னையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். பாட்டி உன் வருஷத்தைக் கேட்டால் பொய் சொல்வாயா, மாட்டாயா, அதை முதலில் எழுது.

வியாழக்கிழமையே வந்துவிடு. கறுப்பும் வெள்ளையும் கட்டாதே, அவர்களுக்கு ஆகாது. மாத்திரையைச் சனிக்கிழமை ராத்திரியே விழுங்கிவிடு, ஆடு நாளில் மருந்து சாப்பிடக் கூடாது என்றும் அதே புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் ரத்த அழுத்த மாத்திரையை நான் விடப் போவதில்லை, பாட்டிக்குத் தெரியாமல் போட்டுக்கொள்வேன்.

உன்,
ராஜம்