மழை விட்டாச்சு, வாளியைக் கவிழ்த்தாச்சா?

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாள் மழைக்குப் பிறகு இன்று சுள்ளென்று வெயில். டெங்கு கொசுவுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. கொட்டித் தீர்க்கும் மழை கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். விட்ட பிறகு தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிறது. வெக்கை கூடினால் கொசுவின் உடம்பில் வைரஸும் சீக்கிரம் பெருகும்.

நேற்று மொட்டை மாடியில், ஏசி தண்ணீர் சொட்டும் பெயின்ட் டப்பாவுக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. யாருடைய டப்பா என்று கேட்கவில்லை, கொட்டிவிட்டேன். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை டப்பாவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையும் பாருங்கள், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இது பகலில் கடிக்கும் கொசு. ராத்திரி மட்டும் சுருள் கொளுத்திப் பெரிய பலனில்லை. அந்தப் புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்குத்தான் தொல்லை.

காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கவனம் கூடுதலாகத் தேவை.

ஞாயிறு காலை 7 மணிக்கு மாடியைச் சுத்தம் செய்கிறோம். பிரஷ் கொண்டு வாருங்கள், டீ என் செலவு.