ஆமை முட்டைப் பொரிப்பகத்துக்கு நிழல் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
கடற்கரை இரவு நடைத் தன்னார்வலர்கள்

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்

பொருள்: பொரிப்பகத்தின் மேல் நிழல் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்களுடைய முந்தைய இரண்டு மனுக்கள் (இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முகத்துவாரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் உள்ள பொரிப்பகத்தைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற பருவத்தில் குஞ்சுகளைக் கடலில் விட்ட அன்று தாங்களும் வந்திருந்தீர்கள். எனவே இடத்தைப் பற்றி எழுதவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. முட்டை மண்ணுக்குள் கிடக்கும் 45 முதல் 60 நாட்களில், நடு மூன்றில் ஒரு பங்கு நாட்கள்தான் அதற்கு முக்கியம். ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து வரும். சூடு ஏற ஏறப் பெண்ணாகவே வரும். இன்னும் ஏறி அப்படியே பல நாள் நின்றால் குஞ்சே வராது, முட்டை உள்ளேயே வெந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிப் பச்சை ஆமைகளைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அங்கே இளம் ஆமைகளில் நூற்றுக்கு 99 பெண். இது தங்கள் துறைக்குப் புதிய செய்தியாக இருக்காது.

2. கடல் ஏறுகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நம் கரை சுருங்கியதற்குக் கல் கொட்டியதும் ஒரு காரணம். அது வேறு மனு.

3. எங்கள் மனதை அறுப்பது இதுதான். கரை இப்படிச் சுருங்கியதால், அலை எட்டும் இடத்தில் கிடக்கும் முட்டைகளை இரவோடு இரவாக எடுத்து, புரட்டாமல் கூடையில் வைத்துச் சுமந்து வந்து பொரிப்பகத்தில் புதைக்கிறோம். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இருக்கும். தாய் ஆமை தேர்ந்தெடுத்த இடத்தை மாற்றியது நாம்தானே ஐயா? மாற்றி எங்கே வைத்தோம்? மரமும் இல்லாத, ஈரமும் இல்லாத பொட்டல் மணலில், நாலு பக்கமும் கம்பி வலை அடித்து, மேலே ஒன்றும் இல்லாமல்! சென்ற பருவத்தின் கடைசியில், நாள் கடந்தும் குஞ்சு வராத குழிகளைத் தோண்டினோம். கண், துடுப்பு, ஓடு எல்லாம் உருவாகி, முட்டைக்குள்ளேயே இறந்து கிடந்தன. எங்களோடு நடக்க வந்த பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். "நாம எடுத்து வெச்சதாலதான் செத்துப்போச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தாங்களே சொல்லுங்கள்.

4. முதல் மனு கொடுத்தபோது தங்கள் அலுவலகத்தில் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று வாயால் சொன்னார்கள். சரி என்று காத்திருந்தோம். இரண்டாவது முறை, "உலகமே சூடாகுது, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கேட்டார்கள். அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து 2024தான் மிகச் சூடான ஆண்டு என்பது எங்களுக்கும் தெரியும். அதைத் தங்கள் அலுவலகம் சரிசெய்ய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? நாங்கள் கேட்டது நிழல்வலை. நாலு கம்பு, ஒரு நிழல்வலை. இதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் ஐயா?

5. முழுக்க மூடச் சொல்லவில்லை. ரொம்பவும் குளிர்ந்தால் எல்லாம் ஆணாகிவிடும், அதுவும் கெடுதல். பாதி வெயில் விழுகிற மாதிரி வலை போதும். குழியின் ஆழத்தில் வைக்க நாலைந்து வெப்பமானிகளும் தந்தால் தினமும் நாங்களே குறித்துத் தருகிறோம். கம்பு நடவும் ஆள் கேட்கவில்லை. அரசு வேலிக்குள் அனுமதி இல்லாமல் எதையும் நடக்கூடாது என்பதால் மட்டுமே கைகட்டி நிற்கிறோம்.

6. முட்டைகளை வேறு நிழலுக்கு மாற்றுங்கள் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். இப்போது முடியாது. ஆமை முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைத்தாக வேண்டும். அப்புறம் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அசைத்தால் இறந்துவிடும். புதைத்த இடத்துக்குத்தான் நிழல் வர வேண்டும்.

இந்தப் பருவத்தில் முதலில் வைத்த குழிகள் இன்னும் சில நாளில் அந்த நடுக்கட்டத்துக்குள் நுழைகின்றன. கோபத்தில் ஏதேனும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆனால் நிழலுக்கு உடனே அனுமதி தர வேண்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். காலையில் வர வேண்டாம், மேல் மணல் குளிர்ந்திருக்கும், ஒன்றும் தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வாருங்கள். வேலிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
இரவு நடைத் தன்னார்வலர்கள்