செயலாளர் ஆண்டறிக்கை: பம்பை அடங்கிப்போன கதை

தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீட்டிலேயே பாட்டு செய்யும் நாம் தருமபுரியில் சங்கமாகச் சேர்ந்த பின் இது மூன்றாவது ஆண்டறிக்கை. மாதம் ஒரு கூட்டம் என்று தீர்மானித்தோம், பத்துதான் நடந்தன. ஒன்றை மின்தடை விழுங்கியது. இன்னொன்றை நான் முகூர்த்த நாளில் வைத்துவிட்டேன். மற்றவை பதிவேட்டில் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் நம்மைப் பிடித்து ஆட்டியது மாஸ்டரிங்தான்; அதாவது வெளியிடும் முன் பாட்டின் மொத்த ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை.

ஆரம்பம் பம்பையிலிருந்து. நம் உறுப்பினர் ஒருவர் மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பையும் உடுக்கையும் வைத்து ஒரு பாட்டு செய்தார். மிக்ஸில், அதாவது கருவிகளையும் குரலையும் கலந்து முடித்த நிலையில், ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது. அவருக்குச் சத்தம் போதவில்லை. உச்சங்களை அமுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டரை ஏற்றிக்கொண்டே போய் மைனஸ் 7 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு; பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) அளவில் நிறுத்தினார். ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டதும் பார்த்தால், அடுத்து வரும் பாட்டைவிட அவர் பாட்டுதான் சோகை பிடித்ததுபோல் கேட்டது. பதிவேற்றியதில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினார்.

கோளாறு அங்கே இல்லை. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 அளவுக்குச் சமன்படுத்தியே ஒலிக்கவிடுகிறது. அவர் பாடுபட்டு ஏற்றிய 7 டெசிபலை அது அப்படியே இறக்கிவிட்டது. லிமிட்டர் நசுக்கிய அடிகள் மட்டும் நசுங்கியபடியே நின்றன. அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். மிக்ஸில் முள்வேலிபோல் நீட்டிக்கொண்டிருந்த பம்பை, மாஸ்டரில் சுவர்போல் ஒரே மட்டமாக இருந்தது. லிமிட்டரைத் தளர்த்தி, உச்ச அளவை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கில் (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சம்) நிறுத்தி மறுபடி செய்தார். பம்பை திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரு சோதனை வைத்தோம். ஒரே பாட்டின் இரு நகல்கள். ஒன்றில் ஒலியளவு ஒரு டெசிபல் மட்டும் கூடுதல். எது எதுவென்று சொல்லவில்லை. பெரும்பாலோர் கூட்டிய நகலைத்தான் புகழ்ந்தார்கள். "குரலில் ஓர் ஈரம் வந்திருக்கிறது" என்று நானே சொன்னேன். கூட்டக் குறிப்பிலும் ஏறிவிட்டது. அன்று முதல் இரு ஒலியளவையும் சமமாக்காமல் ஒப்பிடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம்.

பாட்டைக் கேட்டுச் சரிசெய்யும் அறையின் விஷயம் இன்னும் முடியவில்லை. நம்மில் பலருக்குப் பத்துக்குப் பத்து அறை. சுவருக்குச் சுவர் பத்தடி என்றால் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் ஆழமான ஒலி, அதாவது பேஸ், தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு பக்கமும் அதே ஹெர்ட்ஸில் தேங்கும். அறை நடுவில் உட்கார்ந்தால் அந்த பேஸ் காதுக்கு எட்டாது. எட்டவில்லையே என்று கூட்டுவோம்; அந்தப் பாட்டு பஸ்ஸில் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். சுவரில் முட்டை அட்டை ஒட்டியவர்கள் மன்னிக்கவும், அது பேஸை ஒன்றும் செய்யாது. நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடி தூரத்துக்கு நகர்த்தியதும், மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தியதும் ஓரளவு உதவின. நாற்காலிக்குச் செலவில்லை. மெத்தைக்கு வீட்டில் வாங்கிய திட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் பாட்டுகள் கடைசியில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியில்தான் ஒலிக்கப் போகின்றன. அதில் ஆழமான பேஸ் வராது, எல்லாம் மோனோ, இடம் வலம் பிரியாத ஒரே ஒலி. ஒருவர் கோரஸை இடம் வலமென்று விரித்திருந்தார். மோனோவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதிக் குரல் காணாமல் போனது. பேஸ் கிட்டாருக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) கொடுத்தபோது மேல் ஒலிகள் கூடி, குழாயிலும் அதன் வடிவம் புரிந்தது. எனவே மாஸ்டரை அனுப்பும் முன் மோனோ பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய செலவு ஒன்றுதான்: அறையை அளக்கும் மைக். முறைவைத்து எடுத்துப்போகலாம் என்று ஏற்பாடு. ஆவணியில் எடுத்துப்போன உறுப்பினர் இன்னும் திருப்பவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.